புலம்பெயர்ந்த முன்னோர் வாழ்வும் குடும்ப ஆவணங்களும்: எரியோடு வட்டாரத்தை முன்வைத்து ஒரு முறையியல் ஆய்வு

ஆய்வுச்சுருக்கம்

கடல்கடந்து குடியேறிய முன்னோர் ஒருவரின் வாழ்வைக் குடும்ப ஆவணங்களின் வழியே மீட்டறிதல் மேலைநாடுகளில் நன்கு வளர்ந்த துறையாகும். திண்டுக்கல் சமவெளியிலிருந்து இலங்கை மலையகத் தோட்டங்களுக்குச் சென்ற தமிழர்களைத் தேடும்போது அத்துறையின் வழிமுறைகள் எவ்வளவு தூரம் பயன்படும், எங்கே தடைப்படும் என்பதை எரியோடு வட்டாரத்தைத் தேடலின் தொடக்கப் புள்ளியாகக் கொண்டு இக்கட்டுரை ஆராய்கிறது. தோட்டத்திலும் அரசு அலுவலகத்திலும் உருவான ஒவ்வோர் ஆவணமும் கடன், வேலை, குடியுரிமை, நாடு திரும்பல் ஆகிய ஏதேனும் ஒரு தேவைக்காக எழுதப்பட்டது. அத்தேவையை அறிந்த பின்னரே அதிலுள்ள பெயரையும் வயதையும் ஊரையும் சான்றாகக் கொள்ள முடியும் என்பது இக்கட்டுரையின் கருத்தாகும்.

திறவுச்சொற்கள்: புலம்பெயர்வு, குடும்ப ஆவணம், மலையகத் தமிழர், துண்டு, மொய் நோட்டு, பூர்விக ஊர், எரியோடு.

முன்னுரை

இங்கிலாந்திலிருந்து குடிபெயர்ந்த முன்னோர் ஒருவரைத் தேடுவோர்க்குத் தொடக்கத்திலேயே மூன்று வாயில்கள் திறந்துள்ளன. முதலாவது, திருச்சபைப் பங்குகளின் திருமுழுக்கு, திருமணம், அடக்கம் ஆகியவற்றைக் குறிக்கும் ஏடு. இதனைப் பேணவேண்டும் என்ற ஆணை 1538இல் பிறந்தது. இரண்டாவது, 1837இல் தொடங்கிய அரசுப் பிறப்பு இறப்புப் பதிவு. மூன்றாவது, 1841 முதல் வீட்டிலுள்ளோர் ஒவ்வொருவரின் பெயரையும் குறித்துவரும் மக்கள்தொகைக் கணக்கெடுப்பு. இக்கணக்கெடுப்பேடுகள் நூறாண்டு கழிந்தபின் பொதுமக்கள் பார்வைக்கு வருகின்றன. 1921ஆம் ஆண்டின் ஏடுகள் 2022இல் வெளிவந்தன.

அவ்வாறு கிளம்பியவர் சென்னை மாகாணத்துக்கு வந்திருந்தாலும் அவருடைய தடம் எளிதில் மறைவதில்லை. சென்னைப் புனித ஜார்ஜ் கோட்டையிலுள்ள தூய மரியாள் ஆலயத்தின் ஏடுகள் 1680 முதல் தொடங்குகின்றன. மாகாணத்து ஆலயங்களின் பதிவுகள் படியெடுத்து இலண்டனுக்கு அனுப்பப்பட்டன. ஜூலியன் ஜேம்ஸ் காட்டன் 1905இல் மாகாணத்துக் கல்லறைக் கல்வெட்டுகளைத் தொகுத்து நூலாக்கினார். 1790இல் திண்டுக்கல் கோட்டை ஆங்கிலேயர் கைக்கு வந்து, 1792ஆம் ஆண்டு உடன்படிக்கையால் அப்பகுதி கும்பினி ஆட்சிக்குள் சென்றபின், அங்குப் பணியாற்றிய ஆங்கிலேயர் ஒருவரின் பிறப்பு முதல் இறப்பு வரை தேடுவதற்குரிய ஏடுகள் இவ்வாறு இரு நாடுகளிலும் அமைந்துள்ளன.

அதே நிலப்பரப்பின் சிற்றூர்களிலிருந்து இலங்கைக்குச் சென்ற ஒரு தமிழ்த் தொழிலாளியின் நிலை இதற்கு மாறானது. அவருக்குத் திருச்சபை ஏடு இல்லை. இந்திய மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் தனிநபர் விவரங்கள் 1948ஆம் ஆண்டுச் சட்டப்படி எவர் பார்வைக்கும் உரியன அல்ல. எனவே தேடுபவர் அரசுக் காப்பகத்தின் வாயிலில் தொடங்காமல் வீட்டுத் தகரப்பெட்டியில் தொடங்கவேண்டியுள்ளது. அப்பெட்டியிலுள்ள தாள்களை எவ்வாறு வாசிப்பது என்பதே இங்கு எழும் வினாவாகும்.

ஒரே மலையில் இருவகைப் பதிவு

இலங்கையில் தேயிலையை வணிகப் பயிராக வளர்த்தவர் எனப் போற்றப்படும் ஜேம்ஸ் டெய்லர் ஸ்காட்லாந்தில் பிறந்து 1852இல் அத்தீவுக்கு வந்தார். 1867இல் லூல்கந்துர தோட்டத்தில் தேயிலை பயிரிட்டார். 1892இல் இறந்தார். அவர் தம் குடும்பத்தார்க்கு எழுதிய கடிதங்கள் பாதுகாக்கப்பட்டுள்ளன. கண்டியில் அவர் கல்லறை இன்றும் உள்ளது. அவரும் ஒரு குடியேறியே. அவருடைய தோட்டத்தில் காடழித்துக் கன்று நட்ட தமிழரும் குடியேறியவரே. முன்னவர் தம்மைப் பற்றித் தாமே எழுதினார். பின்னவரைப் பற்றிப் பிறரே எழுதினர்.

இவ்வேறுபாடு கல்வியறிவைப் பற்றியது மட்டுமன்று. ஒருவர் தாமே எழுதும் கடிதத்தில் அவர் சொல்ல விரும்பியது இருக்கும். பிறர் எழுதும் பேரேட்டில் எழுதியவர்க்கு வேண்டியது மட்டுமே இருக்கும். ஆகவே மலையகக் குடும்பம் ஒன்றின் ஆவணத்தை எடுத்தவுடன் ‘இது யாருக்காக எழுதப்பட்டது?’ என்பதே முதல் வினாவாதல் வேண்டும்.

கடன் எழுதிய ஆவணங்கள்

மதுரை, திருச்சிராப்பள்ளி, சேலம், தஞ்சாவூர் மாவட்டங்களிலிருந்தும் புதுக்கோட்டைச் சமஸ்தானத்திலிருந்தும் தோட்டங்களுக்கு ஆள் சென்றது பெரும்பாலும் கங்காணி வழியாகவே ஆகும். கங்காணி ஊருக்கு வந்து முன்பணம் கொடுத்து ஆள் சேர்ப்பார். வழிச்செலவு, துணி, உணவு ஆகியவற்றோடு அம்முன்பணமும் தொழிலாளியின் பெயரில் கடனாக ஏறும். வேறு தோட்டத்துக்குச் செல்ல விரும்பினால், இக்குழுவின் கடனைச் செலுத்தினால் ஆட்களை விடுவிப்பதாகத் தோட்டத்துரை எழுதிக்கொடுக்கும் சீட்டு தேவைப்பட்டது. அதுவே ‘துண்டு’ எனப்பட்டது. இம்முறை 1921இல் சட்டத்தால் ஒழிக்கப்பட்டது.

கடனைக் குறிக்கும் இத்தாள்கள் தொழிலாளியின் வாழ்வைப் பதிவு செய்ய எழுந்தவை அல்ல. எனினும் அவற்றிலிருந்து மூன்று செய்திகளைப் பெறலாம். முதலாவது, எந்தக் கங்காணியின் கீழ்ச் சென்றார் என்பது. கங்காணி தம் ஊரிலும் உறவிலும் பக்கத்து ஊர்களிலும் ஆள் சேர்ப்பதே வழக்கமாதலால், கங்காணியின் ஊர் தெரிந்தால் தொழிலாளியின் ஊரை நெருங்கிவிடலாம். இரண்டாவது, யாரோடு சென்றார் என்பது. கடன் குழுவாகக் கணக்கிடப்பட்டமையால் பக்கத்துப் பெயர்கள் உறவினராக இருக்க வாய்ப்பு உண்டு. மூன்றாவது, எந்தெந்தத் தோட்டங்களில் இருந்தார் என்பது. தோட்டங்களுக்கு ஆங்கிலப் பெயர் ஒன்றும் தொழிலாளர் வழங்கிய பெயர் மற்றொன்றும் இருந்தமையால், வீட்டில் சொல்லப்படும் தோட்டப்பெயர் தாளில் காணப்படாமை கண்டு மயங்கலாகாது.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வழக்கிற்கு வந்த தகரச்சீட்டும் இவ்வகையினதே. தோட்டத்தின் அடையாளம் பொறித்த அவ்வில்லை, ஆள் எந்தத் தோட்டத்துக்குச் சேரவேண்டியவர் என்பதைக் காட்டியது. சில குடும்பங்களில் அது காசெனக் கருதப்பட்டுப் பழம்பொருளோடு கிடப்பதுண்டு. அதன் பொறிப்பு, பெயரில்லா முன்னோர் ஒருவரின் முதல் முகவரியாதல் கூடும்.

வேலை எழுதிய ஆவணங்கள்

தோட்டத்தில் காலையில் பெரட்டுக்களத்தில் ஆள் நின்றதும் பெயர் பதியும் ஏடு செக்ரோல் எனப்படும். இதன் நோக்கம் கூலிக் கணக்கு. ஆகவே நாள், பெயர், வேலை, கூலி ஆகியன இதில் திருத்தமாக இருக்கும். வயதும் உறவும் அவ்வாறு இருப்பதில்லை. வயது பெரும்பாலும் பார்த்தவர் மதித்த மதிப்பே. இருபது, இருபத்தைந்து, முப்பது என முழு எண்களாக வரும் வயதிலிருந்து பிறந்த ஆண்டைக் கணக்கிடுவது பிழைபட்ட முடிவுக்கு இட்டுச்செல்லும்.

இவ்வேட்டில் நோக்கத்தக்க சிறப்பு ஒன்றுண்டு. ஊரிலுள்ள பத்திரங்களிலும் வரி நோட்டுகளிலும் பெண்கள் இன்னார் மனைவி, இன்னார் மகள் என்றே வருவர். பல இடங்களில் வருவதேயில்லை. தோட்டத்திலோ கொழுந்து கொய்தோர் பெரும்பாலும் பெண்கள். கூலி கணக்கிடவேண்டியிருந்தமையால் அவர்கள் தம் பெயரிலேயே பதிவாயினர். எனவே தந்தைவழி மட்டுமே தேடிப் பழகியோர் தாய்வழி முன்னோரை அறிவதற்குச் செக்ரோலும் அதனோடு ஒட்டிய தோட்டப் பதிவுகளும் சிறந்த வாயிலாகும்.

குடியுரிமை கேட்ட ஆவணங்கள்

இலங்கை விடுதலை பெற்றபின் ஆவணத்தின் பொருளே மாறியது. 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டம், அந்நாட்டில் பிறந்தமையை மட்டும் போதிய தகுதியாகக் கொள்ளவில்லை. தந்தை இலங்கையில் பிறந்தவர் என்றோ, தந்தைவழிப் பாட்டனும் பூட்டனும் அங்குப் பிறந்தவர் என்றோ மெய்ப்பிக்கவேண்டியிருந்தது. முந்திய தலைமுறையின் பிறப்புச் சான்று கையில் இல்லாத தோட்டத் தொழிலாளர்க்கு இது இயலாததாயிற்று.

1949ஆம் ஆண்டின் இந்திய, பாகிஸ்தானியர் குடியுரிமைச் சட்டம் மணமானவர்க்கு ஏழாண்டு, மணமாகாதவர்க்குப் பத்தாண்டு இடையறாத வதிவைக் கேட்டது. எட்டு லட்சத்துக்கும் மேற்பட்டோர் விண்ணப்பத்துள் அடங்கினர். குடியுரிமை பெற்றோர் ஏறத்தாழ 1,34,000 பேர் மட்டுமே. 1964 அக்டோபர் 30ஆம் நாள் ஏற்பட்ட சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தம் 9,75,000 பேரைக் கணக்கிட்டு, 5,25,000 பேரை இந்தியாவும் 3,00,000 பேரை இலங்கையும் ஏற்கவேண்டுமென வகுத்தது. எஞ்சிய 1,50,000 பேரை 1974ஆம் ஆண்டு உடன்பாடு இரு நாடுகளுக்கும் சரிபாதியாகப் பகிர்ந்தது.

இக்காலத்துத் தாள்களே மலையகக் குடும்பங்களில் மிகுதியாகக் காணப்படுவன: விண்ணப்பப் படி, சத்தியக் கடதாசி, பிறப்புச் சான்று, கடவுச்சீட்டு, தாயகம் திரும்புவோர்க்குரிய குடும்ப அட்டை. இவை விரிவானவை, ஆதலின் நம்பத்தக்கவை போலத் தோன்றும். ஆனால் இவற்றை மிகுந்த எச்சரிக்கையோடு வாசித்தல் வேண்டும். ‘இடையறாத வதிவு’ கேட்ட சட்டத்தின்முன் நின்ற ஒருவர், தம் தங்கையின் திருமணத்துக்காக ஊருக்குச் சென்று நெடுநாள் தங்கியதை விண்ணப்பத்தில் எடுத்துரைக்கத் தயங்குவது இயல்பு. ஊரோடு கொண்ட தொடர்பு வலுவானதெனில் விண்ணப்பம் வலுவிழக்கும். ஆகவே ஊர்ச்செலவைப் பற்றிய மௌனம் உறவு அற்றுவிட்டது என்பதற்குச் சான்றாகாது. சட்டம் கேட்ட வினா விடையின் வடிவையும் வகுத்துவிடுகிறது.

இதற்கு நேர்மாறாக, இந்தியா திரும்புவதற்கு எழுதப்பட்ட தாள்களில் பூர்விக ஊரின் பெயர் கட்டாயம் இடம்பெற வேண்டியிருந்தது. மூன்று தலைமுறையாக ஊரைக் காணாதவரும் ஓர் ஊரைச் சொல்லவேண்டியவராயினர். ஒரே குடும்பத்தின் இருவகைத் தாள்களில் ஒன்று ஊரை மறைக்கவும் மற்றொன்று ஊரை வலியுறுத்தவும் காரணம் குடும்பத்தின் பொய்ம்மை அன்று. கேட்ட அலுவலகத்தின் தேவையே ஆகும்.

ஊரின் பெயரைத் தேடல்

தாளில் எரியோடு என்ற பெயரைக் காண்பதோடு தேடல் முடிவதில்லை. ஆங்கில எழுத்தில் எழுதும்போது எகர ஏகார வேறுபாடு மறையும். இறுதி எழுத்தும் எழுதுவோர் கைக்கேற்ப மாறும். ஆகவே ஒலிப்பில் நெருங்கிய எல்லா வடிவங்களையும் பட்டியலிட்டுக்கொண்டே தேடுதல் வேண்டும். சிற்றூரினர் அயலார்க்குச் சொல்லும்போது தம் குக்கிராமத்தைச் சொல்லாமல் அறியப்பட்ட பேரூரைச் சொல்வதும் உண்டு. எனவே தாளில் உள்ள எரியோடு என்பது அவ்வூரையும் குறிக்கலாம். அதனைச் சுற்றிய சிற்றூர் ஒன்றையும் குறிக்கலாம்.

ஆட்சி எல்லைகளின் மாற்றம் அடுத்த தடையாகும். எரியோடு இன்று திண்டுக்கல் மாவட்டம் வேடசந்தூர் வட்டத்தைச் சேர்ந்த பேரூர். ஆனால் திண்டுக்கல் மாவட்டம் 1985இல்தான் மதுரையிலிருந்து பிரிந்தது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இப்பகுதி மதுரை ஜில்லா திண்டுக்கல் தாலுகாவில் அடங்கியிருந்தது. மேலும் 1910இல் இராமநாதபுரம் ஜில்லா தோன்றுவதற்குமுன் ‘மதுரை ஜில்லா’ என்பது கடற்கரை வரை பரந்த நிலப்பரப்பைக் குறித்தது. ஆகவே 1985க்கு முந்திய தாளில் ‘மதுரை’ என்றிருப்பின் மதுரை நகரைத் தேடிச்செல்வது வீண் முயற்சியாகும். தாளின் ஆண்டைக் கொண்டு அவ்வாண்டின் எல்லையை முதலில் வரையறுத்தல் வேண்டும்.

ஆளின் பெயரைத் தேடல்

ஆங்கிலேயக் குடும்பப் பெயர் தலைமுறைதோறும் தொடர்வதால் அதுவே தேடலின் நூலாக அமைகிறது. தமிழ்ப் பெயரில் அந்நூல் இல்லை. தந்தை பெயரின் முதலெழுத்து ஒரு தலைமுறையோடு மாறிவிடும். கடவுச்சீட்டில் தந்தை பெயர் குடும்பப் பெயரிடத்தில் ஏறுவதால் அண்ணன் தம்பியர் பிள்ளைகள் வெவ்வேறு குடும்பத்தார் போலத் தோன்றுவர். முத்துசாமி, கருப்பையா, காளியம்மாள் போன்ற பெயர்கள் ஒரே தோட்டத்தில் பலர்க்கு இருக்கும்.

இதனால் ஒற்றைப் பெயரைக் கொண்டு ஆளைத் துணிதல் கூடாது. பெயர், தந்தை பெயர், தோட்டம், கங்காணி ஆகிய நான்கில் மூன்றேனும் பொருந்திய பின்னரே இரு தாள்களில் வருபவர் ஒருவரே எனக் கொள்ளுதல் தகும். பேரனுக்குப் பாட்டன் பெயரிடும் வழக்கம் இங்கு இருவகையாகப் பயன்படும். அது தலைமுறையைத் தாண்டி ஒரு பெயரை மீளக் கொணர்ந்து தொடர்பைக் காட்டுகிறது. அதே வேளையில் பாட்டனின் செயலைப் பேரன்மேல் ஏற்றும் பிழைக்கும் வழிவகுக்கிறது.

ஊரில் தங்கிய ஆவணங்கள்

கடலின் அப்புறத்துத் தாள்களைச் சரிபார்க்க இப்புறத்துத் தாள்கள் வேண்டும். எரியோடு வட்டாரம் உள்ளிட்ட திண்டுக்கல், மதுரைப் பகுதிகளில் இதற்கு மிகவும் உதவக்கூடியது மொய் நோட்டு. திருமணம், காதுகுத்து, வீடு புகுதல் ஆகியவற்றில் யார் எவ்வளவு எழுதினார் என்பதைக் கொடுத்தவர் ஊரோடும் பெயரோடும் குறிப்பது அது. திரும்பச் செய்யவேண்டிய கடமை இருப்பதால் இந்நோட்டைக் குடும்பங்கள் எளிதில் எறிவதில்லை. பெயரெதிரே தோட்டத்தின் பெயரோ கண்டி, அட்டன் போன்ற ஊர்ப்பெயரோ இருப்பின், அம்முன்னோர் நேரில் வந்தமைக்கோ உறவினர்வழி மொய் செய்தமைக்கோ அது நாளோடு கூடிய சான்றாகும். குடியுரிமை விண்ணப்பம் சொல்லாது விட்ட ஊர்ச்செலவை மொய் நோட்டு சொல்லிவிடுகிறது.

குலதெய்வக் கோயிலின் தலைக்கட்டு வரி நோட்டும் இத்தகையது. ஊரில் இல்லாதவர் பெயரிலும் பங்காளிகள் வரி எழுதிவைப்பதுண்டு. புலம்பெயர்ந்தோர் ஊர்க்கோயிலிலிருந்து பிடிமண் எடுத்துச்சென்று தோட்டத்தில் தெய்வத்தை நிறுவும் வழக்கத்தையும் இதனோடு சேர்த்து எண்ணுதல் வேண்டும். தாளில் ‘மதுரை’ என்ற ஒரு சொல் மட்டுமே எஞ்சிய குடும்பத்திற்கும் குலதெய்வத்தின் பெயர் நினைவிருக்கும். அத்தெய்வத்தின் கோயில் எவ்வூரில் உள்ளது என்று தேடுவது மாவட்ட அளவிலான தேடலைச் சில சிற்றூர்களுக்குள் சுருக்கிவிடும்.

சார்பதிவாளர் அலுவலகப் பத்திரங்களும் பயனுடையன. கூட்டுக் குடும்பச் சொத்தைப் பங்கிடும்போது வெளிநாட்டிலுள்ள பங்காளியின் பெயரும் அவர் சார்பில் கையொப்பமிட்டவர் பெயரும் வரும். பங்கு விடப்பட்டிருப்பின் அதுவும் ஒரு செய்தியே. அஞ்சல்வழிப் பணம் வந்த சீட்டும் பழைய கடிதமும் இருப்பின் அவற்றின் முத்திரை நாளையும் இடத்தையும் தரும்.

வாய்மொழி தரும் காலக்கணக்கு

ஆண்டு தெரியாத இடத்தில் வாய்மொழி உதவும். ‘தாது வருசப் பஞ்சத்தில் போனார்கள்’ என்பது 1876–77ஐச் சுட்டும். காட்டுவழியே மன்னாரிலிருந்து மாத்தளைக்கு நடந்த கதையைச் சொல்லும் குடும்பம் பெரும்பாலும் காப்பிக் காலத்தைச் சேர்ந்ததாகும். மண்டபம் முகாமில் தங்கி அம்மை குத்திக்கொண்டு, தனுஷ்கோடியில் கப்பலேறித் தலைமன்னாரில் இரயிலேறிய கதையாயின் அது 1914இல் அவ்வழி திறக்கப்பட்டதற்குப் பிந்தியது. 1939இல் இந்திய அரசு கூலித் தொழிலாளர் இலங்கை செல்வதைத் தடை செய்தமையால், புதிதாக ஆள் சேர்த்துச் சென்ற கதைகளுக்கு அதுவே பெரும்பாலும் கடை எல்லையாகும். வாய்மொழி ஆண்டைச் சொல்லாவிடினும் வழியைச் சொல்கிறது. வழி ஆண்டைத் தருகிறது.

தேடலின் ஒழுங்கு

மேற்கூறியவற்றிலிருந்து ஓர் ஒழுங்கை வகுக்கலாம். முதலில் குடும்பத்து மூத்தோரிடம் பயணவழி, தோட்டப்பெயர், கங்காணி பெயர், குலதெய்வம் ஆகிய நான்கையும் கேட்டெழுதவேண்டும். அடுத்து, கையிலுள்ள தாள்களைக் காலவரிசையில் அடுக்கி, ஒவ்வொன்றின் மேலும் அது யாரால், எதன் பொருட்டு எழுதப்பட்டது எனக் குறிக்கவேண்டும். மூன்றாவதாக, ஒரே செய்தியை இரு தாள்கள் வெவ்வேறாகச் சொல்லுமிடத்து, அச்செய்தியில் எத்தாளுக்கு ஆதாயம் இல்லையோ அத்தாளின் சொல்லுக்கு முதன்மை தரவேண்டும். கூலிக் கணக்கு தற்செயலாகச் சுட்டும் ஊர், குடியுரிமைக்காகச் சொல்லப்பட்ட ஊரைவிட நம்பத்தக்கது. இறுதியாக, ஊர்த் தாள்களோடு ஒப்பிட்டு முடிவு காணவேண்டும். பொருந்தாத செய்திகளை நீக்காமல் முரண்பாடாகவே பதிந்துவைப்பது பின்வருவோர்க்கு உதவும்.

முடிவுரை

இத்தேடல் முன்னோர் பெருமை காணும் பொழுதுபோக்கு அன்று. இலங்கையில் 2003ஆம் ஆண்டுச் சட்டம் நாடற்றோர்க்குக் குடியுரிமை வழங்கியபோதும், 1964 அக்டோபர் 30ஆம் நாள் முதல் அங்கு வாழ்ந்தோர், அவர்தம் வழியினர் என்ற வரையறையே அளவுகோலாயிற்று. தமிழகம் திரும்பியோர் சாதிச் சான்று முதலியவற்றை நாடும்போது பூர்விக ஊரும் உறவும் கேட்கப்படுகின்றன. ஒரு தாளின் இருப்பும் இன்மையும் ஒரு குடும்பத்தின் உரிமையைத் தீர்மானிக்கின்றன. ஆங்கிலேய முன்னோரைத் தேடுவோர்க்கு நிறுவனங்கள் காத்துவைத்த ஏடுகள் உண்டு. எரியோடு வட்டாரத்திலிருந்து சென்றோரைத் தேடுவோர்க்கு அவ்வேடுகளின் இடத்தில் நிற்பவை மொய் நோட்டும் வரி நோட்டும் மங்கிய குடும்ப அட்டையுமே. மூத்தோர் மறைவோடும் வீட்டு மாற்றத்தோடும் இவை அழிந்து வருகின்றன. பல்கலைக்கழகத் தமிழ்த்துறைகள் ஓலைச்சுவடிகளைத் திரட்டியதுபோல, உரியவர் இசைவோடும் அந்தரங்கம் காத்தும் இத்தாள்களைப் படியெடுத்துத் தொகுப்பது காலத்தால் செய்யவேண்டிய பணியாகும். அப்பொழுதே, பிறர் தேவைக்காக எழுதப்பட்ட வரிகளுக்கிடையே தம் வாழ்வை விட்டுச்சென்ற மக்களின் வரலாறு அவர்தம் பெயரால் எழுதப்படும்.